ஊரே எதிர்த்தாலும் சொன்னதில் நிற்பது என்றால் என்ன?

எங்கள் அத்தை 2011 உள்ளாட்சித் தேர்தலில் வார்டு மெம்பராக ஜெயித்தவர். தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம். ஜெயித்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும், ஓர் அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடியது. கோயில் முன்னால் சாமியானா, வாடகை நாற்காலி, மேஜை மேல் காந்தி படம். தெருவிளக்கு, வாறுகால், குடிதண்ணீர்த் தொட்டி என்று வழக்கமானதெல்லாம் பேசி முடித்து காபி வருகிற நேரத்தில் அத்தை எழுந்து நின்று, குளத்து உள்வாய்க்குள், அதாவது தண்ணீர் தேங்கி நிற்க வேண்டிய இடத்துக்குள், வாழை போட்டிருக்கிற எல்லாரும் காலி பண்ண வேண்டும், அதற்கு இன்றைக்கே தீர்மானம் போட வேண்டும் என்றார்.

அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த உள்வாயில் வாழை இருந்தது, இல்லையென்றால் வாழைக்காரர் யாராவது சொந்தமாக இருந்தார். ஒரு துண்டு அத்தையின் கொழுந்தனாருடையது.

"வீட்டுக்குள்ள பேச வேண்டியதை ஊர் நடுவுல வச்சுப் பேசுதியளே மதினி" என்றார் அவர்.

"குளம் நம்ம வீட்டுக்குள்ளயா இருக்கு?" என்றார் அத்தை.

அத்தை காரணத்தைச் சொன்னார். குளத்தில் தண்ணீர் ஏறினால் வாழை மூழ்கிவிடும் என்று ராத்திரியோடு ராத்திரியாக மடையைத் திறந்துவிடுகிறார்கள், குளம் நிறைந்து மறுகால் பாய்ந்து பல வருஷம் ஆகிறது, பிசான நெல் சாகுபடிக்குக் கடைசியில் இருக்கிற கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டுவதே இல்லை. உடனே ஒரு பெரியவர் எழுந்து, எனக்கு வேறு நிலம் கிடையாது தாயி, ரெண்டு பிள்ளைகள் படிப்பும் அந்த வாழையில்தான் ஓடுகிறது என்றார். அத்தை உட்காரவும் இல்லை, பதிலுக்குக் கத்தவும் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி, குலை தள்ளின வாழையை வெட்டி எடுக்கிறவரைக்கும் இருக்கட்டும், புதுசாகக் கன்று மட்டும் வைக்கக் கூடாது என்று தன் தீர்மானத்தை மாற்றினார். கை தூக்கச் சொன்னார்கள். அத்தையோடு சேர்த்து ஏழு கை. அப்புறம் மேஜைப் பக்கம் போய், தீர்மானப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்த பையனிடம், "நான் சொன்னதையும் எழுதுங்க தம்பி, தோத்துப் போச்சுன்னும் எழுதுங்க" என்று சொல்லி, எழுதினதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பலருக்கும் பிடிக்காத ஒரு கொள்கையில் அரசியல்வாதி நிற்பது என்றால் என்ன, ஜனநாயகத்தில் அதற்கு என்ன இடம் என்று யாராவது என்னிடம் கேட்டால் அந்தச் சாமியானாவிலிருந்துதான் ஆரம்பிப்பேன். ஏனென்றால் கொள்கைக்கும் வீம்புக்கும் இருக்கிற வித்தியாசம் முழுக்க அங்கே இருந்தது. வீம்பு பிடித்தவர் காரணம் சொல்ல மாட்டார், எதிராளி சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார், தோற்றால் கூட்டத்தையே ஒத்துக்கொள்ள மாட்டார். அத்தை காரணம் சொன்னார், பெரியவர் சொன்னதைக் கேட்டுத் தன் பேச்சில் மாற்ற வேண்டியதை மாற்றினார், ஆனால் குளம் குளமாக இருக்க வேண்டும் என்ற அடிப்படையிலிருந்து இறங்கவில்லை. தோற்றபோது அந்தத் தோல்விக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். முக்கியமாக, அந்தப் பேச்சு யாருக்குக் கசக்குமோ அவர்கள் முகத்துக்கு நேரே நின்று சொன்னார். கடைமடைக்காரர்களை மட்டும் தனியாகக் கூட்டி வைத்துக்கொண்டு பேசியிருந்தால் கைதட்டலாவது கிடைத்திருக்கும்.

ஒரு தலைவர் சர்ச்சைக்குரிய கருத்தைச் சொன்னார் என்று செய்தி வரும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். எங்கே வைத்துச் சொன்னார்? தன் ஆட்கள் நடுவிலா, கருத்துப் பிடிக்காதவர்கள் நடுவிலா? தன் கூட்டத்தைச் சூடேற்ற ஒருவர் காரமாகப் பேசுவதற்குத் துணிச்சல் எதுவும் தேவையில்லை, அது லாபமுள்ள வேலை. நஷ்டம் வரும் என்று தெரிந்த இடத்தில் அதையே சொல்ல முடிகிறதா என்பதில்தான் அது கொள்கையா வியாபாரமா என்பது தெரியும்.

திருநெல்வேலி டவுனிலிருந்து சேரன்மகாதேவி போகிற ரோட்டில் பேட்டை வரும். காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் பிறந்த ஊர், 1896-ல். நம் பக்கத்து ஆட்கள் அவரை மரியாதையோடு நினைக்கிறார்கள், ஆனால் அவர் எவ்வளவு தனியாக நின்றார் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. பிரிவினை முடிந்து, ரத்தம் காயாத நேரம். முஸ்லிம் லீக் என்ற பெயரையே இந்தியாவில் யாரும் கேட்க விரும்பவில்லை, கட்சியைக் கலைத்துவிடுங்கள் என்று நெருக்குகிறார்கள். அவர் 1948 மார்ச்சில் சென்னையில் கூட்டம் கூட்டி, இந்த நாட்டுக்குள் இந்த நாட்டின் சட்டப்படி கட்சி நடக்கும் என்று இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கைத் தொடங்கினார். அடுத்த வருஷம் மே மாதம் அரசியல் நிர்ணய சபையில், சிறுபான்மையினருக்கான இடஒதுக்கீட்டை எடுத்துவிடலாம் என்ற அறிக்கையை சர்தார் படேல் கொண்டுவந்தபோது, எழுந்து திருத்தம் கொடுத்தார். ஒதுக்கீடு இருக்க வேண்டும், அதுவும் முஸ்லிம்கள் மட்டும் ஓட்டுப் போட்டுத் தங்கள் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிற தனி வாக்காளர் தொகுதியாக இருக்க வேண்டும் என்றார்.

அந்தச் சபையில் இதைவிடக் கசப்பான கோரிக்கை இருந்திருக்க முடியாது. 1909-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த தனித்தொகுதி முறைதான் கடைசியில் நாட்டைப் பிளந்தது என்று பெரும்பாலோர் நினைத்தார்கள். முஸ்லிம் உறுப்பினர்களிலேயே பேகம் ஐஜாஸ் ரசூல் போன்றவர்கள், இது நம்மைத் தனிமைப்படுத்தும், வேண்டாம் என்று எதிர்த்துப் பேசினார்கள். படேலின் பதில் கடுமையாக இருந்தது. திருத்தம் தோற்றது.

என்னைக் கேட்டால் அன்று சபை எடுத்த முடிவுதான் சரி. தனித்தொகுதி இருந்திருந்தால் ஒரு வேட்பாளர் பக்கத்துத் தெருவுக்குப் போய் ஓட்டுக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிருக்கும். ஆனாலும் இஸ்மாயில் சாகிப் அன்று எழுந்து நின்றது அந்தச் சபைக்குக் கிடைத்த நன்மை என்றுதான் நினைக்கிறேன். பயந்துபோன ஒரு சமூகத்தின் பயம், வெளியே கிசுகிசுப்பாகவும் வேறு விதமாகவும் போயிருக்க வேண்டியது, சபைக்குள் வந்து வாக்கியமாக நின்றது. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு படேலுக்கும் மற்றவர்களுக்கும் வந்தது. அவர்கள் பதில் சொன்னார்கள். கோரிக்கை, மறுப்பு, காரணம் எல்லாமே சபைக் குறிப்பில் அச்சாகிவிட்டன, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். அதே வருஷம் செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் வந்தபோது, பழமைதான் அளவுகோல் என்றால் அந்தத் தகுதி தமிழுக்கும் திராவிட மொழிகளுக்கும்தான் என்று அதே மனிதர் சொன்னார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. தோற்றவர் கோபித்துக்கொண்டு போகவில்லை. தான் வேண்டாம் என்று வாதாடிய அதே பொதுத்தொகுதி முறையில் கேரளத்து மஞ்சேரியில் நின்று 1962, 1967, 1971 மூன்று தடவையும் மக்களவைக்கு ஜெயித்துப் போனார். 1972-ல் இறக்கும்போதும் எம்.பி.தான்.

சரி, மக்கள் பிரதிநிதி என்றால் மக்கள் சொல்வதைத்தானே சொல்ல வேண்டும், தன் கொள்கை என்று ஒருவர் தனியாக நிற்க யார் அதிகாரம் கொடுத்தது? நியாயமான கேள்வி, ரொம்பப் பழைய கேள்வியும்கூட. 1774-ல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்ற துறைமுக ஊரில் ஜெயித்த எட்மண்ட் பர்க், ஜெயித்த கையோடு தன் வாக்காளர்களிடமே, உங்களுக்காக உழைக்கக் கடமைப்பட்டிருக்கிறேன், ஆனால் என் சொந்த புத்தியையும் உங்களுக்குத் தரக் கடமைப்பட்டிருக்கிறேன், உங்கள் விருப்பத்துக்காக அதை விட்டுக்கொடுத்தால் அது துரோகம் என்கிற அர்த்தத்தில் பேசினார். பிறகு அயர்லாந்து வியாபாரத்துக்குச் சலுகை, கத்தோலிக்கர்களுக்கு உரிமை என்று ஊருக்குப் பிடிக்காத பக்கம் நின்றார். 1780-ல் தோற்பது உறுதி என்று தெரிந்து போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். ஆக, பிரதிநிதி நம் கடிதத்தைக் கொண்டுபோகிற தபால்காரர் இல்லை, வழக்கைக் கொடுத்த பிறகு தன் அறிவைப் போட்டு வாதாடுகிற வக்கீல் மாதிரி. வக்கீல் சரியில்லை என்றால் அடுத்த தடவை மாற்றிக்கொள்கிற உரிமை நம்மிடம் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும், அவருக்குச் சொல்கிற சுதந்திரம், நமக்கு அவரைத் தோற்கடிக்கிற சுதந்திரம். இந்துப் பெண்களுக்குச் சொத்திலும் திருமணத்திலும் உரிமை தர வந்த இந்து சட்டத் திருத்த மசோதாவைக் கிடப்பில் போட்டார்கள் என்று 1951-ல் மந்திரி பதவியைத் தூக்கிப் போட்ட அம்பேத்கர், அடுத்த தேர்தலில் பம்பாயில் தோற்றார். கொள்கைக்கு விலை உண்டு, அதை மக்கள்தான் வசூலிப்பார்கள், சில சமயம் தப்பாகவும் வசூலிப்பார்கள்.

பேட்டையைத் தாண்டி அதே ரோட்டில் போனால் சேரன்மகாதேவி. வ.வே.சு. ஐயர் 1920-களில் இங்கே தமிழ்க் குருகுலம் நடத்தினார். லண்டனிலும் புதுச்சேரியிலும் புரட்சிக்காரராக இருந்துவிட்டு வந்தவர், தேசியக் கல்வி கொடுக்க ஆசைப்பட்டவர். காங்கிரசும் பணம் கொடுத்தது. அங்கே பிராமணப் பையன்கள் சிலருக்குத் தனியாகச் சாப்பாடு போடுகிறார்கள் என்பது வெளியே வந்ததும் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் கொதித்துப் போனது. காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான வரதராஜுலு நாயுடு தன் பத்திரிகையில் விடாமல் எழுதினார். அப்போது காங்கிரசில் இருந்த பெரியார், பொதுப்பணத்தில் நடக்கிற இடத்தில் இது எப்படி நடக்கலாம் என்று நின்றார்.

இந்தக் கதையை ஒரு காரணத்துக்காகச் சொல்கிறேன். ஐயர் சமபந்திக்கு எதிரி இல்லை. பெற்றோர்கள் கேட்டுக்கொண்டதற்காக இரண்டொரு பையன்களுக்கு விட்டுக்கொடுத்தார். ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு மட்டும் அப்படியே விட்டுவிடலாம், இனிமேல் கூடாது என்று நடுவழிப் பேச்சும் நடந்தது. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! என் அத்தை குலை தள்ளின வாழைக்குக் கொடுத்த தவணை மாதிரியே இருக்கிறது. ஆனால் இல்லை. அத்தை விட்டுக்கொடுத்தது ஒரு அறுவடை, இங்கே விட்டுக்கொடுக்கச் சொன்னது பக்கத்து இலையில் உட்காரத் தகுதி இல்லை என்று ஒதுக்கப்பட்ட பையனின் மானம். எதில் இறங்கிவரலாம், எதில் இறங்கக் கூடாது என்று பிரித்துப் பார்ப்பதுதான் கொள்கையில் நிற்பதிலேயே கஷ்டமான பகுதி. நாயுடுவும் பெரியாரும் அந்த இடத்தில் இறங்க மறுத்தது சரி என்று இன்று சொல்வது எளிது, அன்று சொந்தக் கட்சிக்குள்ளேயே அவர்களைக் கலகக்காரர்கள் என்றார்கள். ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூனில், இதே ரோடு போய் முடிகிற பாபநாசத்தில், அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் அவரும் இறந்துபோனார். அதே வருஷம் நவம்பரில் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டில், ஒவ்வொரு சமூகத்துக்கும் உரிய பங்கு இடம் வேண்டும் என்கிற வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ள மறுத்ததும் பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேறினார். ஒரு சாப்பாட்டுப் பந்தியில் தொடங்கிய விவாதம் தமிழ்நாட்டு அரசியலின் திசையையே திருப்பிவிட்டது என்று சொன்னால் அதில் பெரிய மிகை இல்லை.

கொள்கையில் நிற்பவர் எல்லாரும் சரியானவர் என்று அர்த்தம் இல்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ராஜாஜி 1953-ல் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளுக்கு அரை நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று ஊரே எதிர்த்தது, அவருடைய கட்சிக்குள்ளும் எதிர்ப்பு. அவர் அசையவில்லை. 1954-ல் பதவியைவிட்டு இறங்கினார், காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். ராஜாஜி உண்மையாக நம்பித்தான் செய்தார் என்று நினைக்கிறேன், உண்மையாக நம்பினார் என்பதால் அது நல்ல திட்டம் ஆகிவிடாது. பனையேறியின் பிள்ளை பனைதான் ஏற வேண்டும் என்று முடிந்திருக்கும், அதை நம் தேரிக்காட்டுப் பக்கம் உள்ளவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஆக, நெஞ்சில் பட்டதைச் சொன்னார் என்பதற்காக ஒருவருக்கு மரியாதை கொடுக்கலாம், ஓட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.

கருத்தை மாற்றிக்கொள்வது? அதுவும் குற்றம் இல்லை, காரணத்தை வெளிப்படையாகச் சொன்னால். 1938-ல் பள்ளியில் ஹிந்தியைக் கட்டாயமாக்கியவர் அதே ராஜாஜிதான், பிற்காலத்தில் ஹிந்தி மட்டும் ஆட்சிமொழியாகக் கூடாது என்று வாதாடியவரும் அவரே. அண்ணா 1962-ல் மாநிலங்களவையில் தன் முதல் பேச்சிலேயே திராவிட நாட்டுக்குச் சுயநிர்ணய உரிமை கேட்டார், டெல்லியில் அந்தச் சபை நடுவில் நின்று. அந்த வருஷமே சீனா படையெடுத்தது, 1963-ல் பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்கிறவர் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று ஆனது. தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. ஆனால் கோரிக்கையைத்தான் விட்டோம், அதற்கான காரணங்கள் அப்படியேதான் இருக்கின்றன என்று அண்ணா சொல்லிவிட்டுத்தான் விட்டார், அந்தக் காரணங்கள் மாநில சுயாட்சி என்று வேறு உருவம் எடுத்தன. ராத்திரி ஒரு பக்கம், காலையில் ஒரு பக்கம் என்று ரிசார்ட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறவர்களின் மாற்றத்தோடு இதைச் சேர்த்துப் பேசக் கூடாது.

இன்றைக்கு ஒரு எம்.எல்.ஏ. அப்படி நிற்க முடியுமா? சட்டம் பாதி வழியில் துணை நிற்கிறது. பாராளுமன்றத்தில் பேசியதற்காகவோ ஓட்டுப் போட்டதற்காகவோ உறுப்பினர் மீது வழக்குப் போட முடியாது என்கிறது அரசியல் சட்டத்தின் 105-வது பிரிவு. சட்டசபைக்கு 194-வது பிரிவு. ஆனால் 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்கிற கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால், கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால், பதவியே போகலாம். காசுக்குக் கட்சி மாறுகிறவனைத் தடுக்க வந்த சட்டம், மனசாட்சிப்படி கை தூக்க நினைக்கிறவனையும் சேர்த்தே கட்டிப்போட்டுவிட்டது. நிதிநிலை அறிக்கை, நம்பிக்கை வாக்கெடுப்பு மாதிரி ஆட்சி நிற்குமா விழுமா என்கிற விஷயத்தில் மட்டும் கொறடா இருக்கட்டும், மற்றதில் உறுப்பினரை விட்டுவிடுங்கள் என்று பலர் பல வருஷமாகச் சொல்லிவருகிறார்கள், நானும் அந்தக் கட்சிதான். ஊராட்சி வார்டு மெம்பருக்குக் கட்சிச் சின்னமும் இல்லை, கொறடாவும் இல்லை. அத்தைக்கு அந்த வேலையைச் சொந்தக்காரர்கள் பார்த்தார்கள். கொழுந்தனார் வீட்டுச் சடங்குக்கு அழைப்பு வரவில்லை, அந்த வீட்டார் இரண்டு வருஷம் அத்தை வாசலைத் தாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ரேஷன் கடைக்குப் போனார்கள்.

எல்லை ஒன்று இருக்கிறது. ஒரு சட்டம் வேண்டும், வேண்டாம், ஒரு முறை நல்லது, கெட்டது என்று எதை வேண்டுமானாலும் வாதாடலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் இங்கே உட்காரவே கூடாது, அவன் சாதி, அவன் மதம் பேசவே கூடாது என்பதும் கொள்கை என்ற பெயரில்தான் வருகிறது. முதல்வகைக்குப் பதில் சொல்லலாம். இரண்டாவது வகை, பதில் சொல்ல வேண்டியவனையே கூட்டத்திலிருந்து வெளியேற்றப் பார்க்கிறது, அதை எவ்வளவு உறுதியோடு சொன்னாலும் அது விவாதத்தில் ஒரு தரப்பு ஆகாது. சாதிச் சண்டையில் வெட்டும் குத்தும் பார்த்த மண் இது. மேடையில் ஒருவர் வீராப்பாகப் பேசிவிட்டுக் காரில் ஏறிப் போன பிறகு ஊர்த் தெருவில் என்ன நடக்கும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

2016-ல் வர வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் எங்கள் பக்கம் 2021 அக்டோபரில்தான் வந்தது. அத்தை மறுபடியும் நின்றார். வாழையைப் பற்றிப் பேச வேண்டாம், பேசாமல் இருந்தாலே ஜெயித்துவிடலாம் என்று வீட்டில் எல்லாரும் சொன்னோம், நானும் சொன்னேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதையே சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார், தோற்றார். அடுத்து வந்த கிராம சபைக்கு மெம்பராக இல்லாமல் சும்மா ஊர்க்காரியாகப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார். கிராம சபையில் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் பேசலாம். அவர் சேலைத் தலைப்பைச் சரிபண்ணிக்கொண்டு எழுந்ததுமே, மேஜையில் இருந்த பையன், இப்போது அவனுக்கும் லேசாக நரை, பேனா மூடியைக் கழற்றிவிட்டு, "சொல்லுங்க அத்தை, குளம்தானே" என்றான்.